ரோஜாவை வெட்டிய கை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினொரு ரோஜாச் செடிகள் இருந்தன. ஏழு பெயிண்ட் வாளியில், நான்கு சிமெண்ட் தொட்டியில். பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை செடி விற்கும் மினி லாரி வரும். கறுப்புப் பைக்குள் ஒரு செடி, அதன் உச்சியில் ஒரே ஒரு பூ. அந்தப் பூவைக் காட்டித்தான் நம் தலையில் கட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அது உதிர்ந்த பிறகு அடுத்த பூவுக்கு ஆறு மாதம் தவம் கிடக்க வேண்டும். இப்படி ஏமாந்து ஏமாந்தே பதினொன்று சேர்ந்துவிட்டது.

நான் கணக்கு டீச்சர். எனக்கு வாய் ஜாஸ்தி. ஊரே சொல்வதை நானே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வகுப்பில் கத்தினால் மூன்று வகுப்புகள் அமைதியாகும், அதனால் தலைமையாசிரியரும் கண்டுகொள்வதில்லை. செடிகளையும் நான் திட்டித்தான் வளர்த்தேன். ‘மூணு மாசமா நல்லாத் தின்னுட்டு நிக்கிற, ஒரு மொட்டு வைக்க ஒனக்கு வலிக்குதா?’ என்று காலையில் தண்ணீர் ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவேன். கடலைப் புண்ணாக்கை நாலு நாள் ஊறவைத்து அந்த நாற்றத்தோடு கரைத்து ஊற்றுவதும் நான்தான், இலைக்குப் பின்னால் செம்பேன் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதும் நான்தான். பாசமெல்லாம் உண்டு. வாயில் வரும்போது மட்டும் அது திட்டாக வரும்.

என் வீட்டுக்காரர் திராட்சை விவசாயி. சுருளிப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. மோட்டார் ரூமிலேயே கட்டில் போட்டுத் தங்கிக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கை இப்படித்தான் ஓடியது. வாரம் இரண்டு நாள் அவரைத் திட்டுவேன், மீதி ஐந்து நாள் செடிகளைத் திட்டுவேன். அவர் ரோஜாப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. “பூக்குது, உதிருது. காய்க்குமா அது?” என்பார்.

போன ஐப்பசியில் தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. திராட்சை வேலை எல்லாமே தலைக்கு மேலேதான். பந்தலுக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கியபடியே நாள் முழுக்கக் கொடியை வெட்ட வேண்டும். அப்படி வெட்டிக்கொண்டு இருந்தவரின் கையிலிருந்து கத்தரி நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கவாதம் என்றார்கள். பேச்சு பத்து நாளில் திரும்பியது, கால் ஒரு மாதத்தில் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. அது அவர் மடியில் அடுத்தவர் கை போலக் கிடந்தது. தோட்டத்தை அவருடைய சித்தப்பா மகன் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இவர் வீட்டோடு வந்துவிட்டார்.

வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வரும். சின்ன வயது, ஆனால் கறார். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லும், துணி காயப்போடும் கிளிப்பை விரலால் அழுத்தித் திறக்கச் சொல்லும். இவர் இரண்டு தடவை செய்துவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். தை மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெண் என்னை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னது: “நரம்பு வேலை செய்யுது மேடம். சார்தான் செய்ய மாட்டேங்கிறாரு. இந்த ஆறேழு மாசம் ரொம்ப முக்கியம். இதுல விட்டுட்டா அப்புறம் கை அப்படியே இறுகிப்போயிரும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே டாக்டர், பிரஷர் ஏறக் கூடாது, டென்ஷன் ஆகாது என்று எச்சரித்திருந்தார். அன்றைக்கே என் வாய்க்குப் பூட்டுப் போட்டேன். ஈரத் துண்டை மெத்தையில் போட்டாலும், டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தாலும், ஆசையாகச் செய்த ரசத்தைத் தொடாமல் எழுந்து போனாலும் “சரிங்க” என்பேன். ஐந்தாறு மாதம் வீட்டில் ஒரு சுடுசொல் கிடையாது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஸ்டாஃப் ரூமில்தான் கிண்டல் செய்தார்கள். “வீட்டுல மிச்சம் பிடிக்கிறத எல்லாம் இங்கன வந்து கொட்டுறீக டீச்சர்.”

மாசி மாதத்தில் ஒரு நாள் பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போது, அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. நான் சாமியிடம் பேரம் பேசுகிற ஆள் இல்லை. வேண்டுதல் வைத்துவிட்டு அலைகிறவர்களைக் கேலி செய்பவள். ஆனால் அன்றைக்கு மனசு என்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டது. ‘அவுக கை வரட்டும் தாயி. சித்திரைத் திருவிழாவுக்கு என் செடியில் பூத்த பூவிலேயே மாலை கட்டி ஒனக்குப் போடுறேன்.’ வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இவர் என்னைக் கேலி செய்ய நானே வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும்.

அதற்கப்புறம் நான் செடிகளைக் கவனித்த கவனிப்பை என் மகளையே நான் கவனித்ததில்லை. முந்திக்கொண்டு வந்த மொட்டுகளை எல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளி எறிந்தேன், எல்லாம் ஒன்றாகத் திருவிழாவுக்கு வந்து சேரட்டும் என்று. இலையில் சாம்பல் நோய் படிந்தபோது புளித்த மோரைக் கரைத்துத் தெளித்தேன். பங்குனிக் கடைசியில் பதினொரு செடியிலும் பாசிப்பயறு அளவுக்கு மொட்டு வைத்தது. எண்ணினேன். முப்பத்து நான்கு. ஒரு சின்ன மாலைக்குத் தாராளமாகப் போதும். அந்த வாரம் முழுக்கச் செடிகளை நான் திட்டவே இல்லை.

ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ஆளைக் காணோம். மாடிக்குப் போயிருப்பார் என்று நினைத்து, காயப்போட்ட துணியையும் எடுத்து வரலாம் என்று ஏறினேன்.

பதினொரு தொட்டியிலும் செடி இல்லை. குச்சிதான் இருந்தது. ஒவ்வொன்றும் அரை முழ உயரத்துக்குக் கட்டையாக நின்றது, வெட்டிய நுனியில் எல்லாம் திராட்சைக் கொடியின் வெட்டுக்குப் பூசுகிற நீல நிற மயில்துத்தப் பசை தடவியிருந்தது. வெட்டிய கிளைகளைத் திராட்சைத் தோட்டத்தில் குவிப்பதுபோலவே ஒரு மூலையில் ஒழுங்காகக் குவித்து வைத்திருந்தது. அந்தக் குவியலில் என் மொட்டுகள் வெயிலில் வதங்கிக் கிடந்தன. கவிழ்த்த வாளிமேல் இவர் கத்தரியோடு உட்கார்ந்திருந்தார்.

“கவாத்துப் பண்ணிட்டேன்,” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “எல சுருண்டு, கண்டபடி வளந்து கெடந்துச்சு. கண்ணு பொறுக்கல. தளிர் வர்ற கண்ணு ரெண்டு விட்டு வெட்டியிருக்கேன். பாரு, எப்பிடித் தழைச்சு வருதுன்னு.”

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சைக்குக் காலம் நேரம் கிடையாது. ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும், வரப்பைத் தாண்டினால் அடுத்த தோட்டத்தில் கவாத்து நடக்கும். எந்த மாதத்தில் வெட்டினாலும் கொடி துளிர்க்கும், காய்க்கும். அந்த மண்ணில் முப்பது வருடம் வெட்டிப் பழகிய மனிதருக்கு, ரோஜாவை மழை முடிகிற சமயத்தில்தான் வெட்ட வேண்டும், கோடையில் மொட்டு வைத்து நிற்கும்போது தொடக் கூடாது என்பதெல்லாம் எப்படித் தெரியும்? இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்தாறு மாதமாகப் பூட்டி வைத்த வாய் பிய்த்துக்கொண்டு திறந்தது.

“என்னத்தச் செஞ்சு வச்சிருக்கீக? ஒரு வார்த்த கேட்டீகளா? இதென்ன ஒங்க திராட்சத் தோட்டமா, நெனச்சப்ப வெட்டித் தள்ள? மொட்டு வச்ச செடிய வெட்ட எப்பிடி மனசு வந்துச்சு? இத வெட்டுன கை வெளங்குமா?”

எங்கள் பக்கம் வாய்க்கு வாய் வருகிற பேச்சு இது. ஆட்டை விட்டு மேய்த்தவனையும் சொல்வார்கள், தண்ணீர்க் குழாயை உடைத்தவனையும் சொல்வார்கள். நானே பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் கோடு கிழித்த பிள்ளைகளை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். யாரும் அதற்கு அர்த்தம் பார்ப்பதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். கத்தரி அவருடைய வலது கையில் இருந்தது.

ஐந்தாறு மாதமாக ஒரு ஸ்பூனைப் பிடிக்காத கை. விரல்கள் எல்லாம் துத்தத்தில் நீலமாகியிருந்தன. கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. நான் காலையில் பள்ளிக்கூடம் போனதிலிருந்து வெட்டியிருக்கிறார். ஒரு கிளைக்கு எத்தனை முறை அழுத்தினாரோ. தேனிக்கும் மதுரைக்கும் அலைந்து, பந்தும் கிளிப்பும் வாங்கிக் கொடுத்து, அம்மனிடம் வேண்டி நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அது வந்து என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் விளங்குமா என்று கேட்டிருக்கிறேன். நாக்கில் சனி என்பது இதுதான்.

அவர் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தரியை எடுத்துக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் அங்கனயே நின்றேன். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். திட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, பழக்கம் இல்லை. பத்து நிமிஷம் கழித்துப் போய்க் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினேன். “ரெண்டு வாய் குடிங்க” என்று நானே ஸ்பூனால் ஊட்டினேன். வாயைத் திறந்தார், குடித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் பந்தைத் தொடவில்லை. கிளிப்பையும் தொடவில்லை. பிசியோதெரபிப் பெண் வந்தபோது கொப்புளத்தைப் பார்த்து, “என்ன சார் புடிச்சீங்க? சூப்பர் சார்,” என்று குதித்தது. இவர் ஜன்னலைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து அதே பெண்ணின் முகம் சுருங்கிப்போயிருந்தது. “பிடி குறைஞ்சுக்கிட்டே போகுது மேடம். என்னாச்சு?” என்னாச்சு என்று நான் எப்படிச் சொல்வேன்? புருஷன் கையை விளங்காமல் போகச் சொன்னேன், அது சொன்னபடி கேட்கிறது என்றா?

நான் இன்னும் மெதுவானேன். சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். பந்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, மனசு நோகக் கூடாது என்று. அவர் எது சொன்னாலும் சரிங்க, எதுவும் சொல்லாவிட்டாலும் சரிங்க. மூன்று தடவை அந்தப் பேச்சை எடுக்கப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று தடவையும் “காப்பி போடவா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

திருவிழா வந்தது. கடையில் மாலை வாங்கிக்கொண்டு தனியாகத்தான் போனேன். தீச்சட்டி எடுப்பவர்களும் முடி இறக்கிய பிள்ளைகளுமாக, கூட்டத்தில் மூச்சு முட்டியது. அம்மன் முன்னால் நின்றபோது கேட்க எனக்கு முகம் இல்லை. ‘நீ குடுத்துட்ட தாயி. நான்தான் வாயால தட்டிவிட்டுட்டேன்,’ என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

செடிகளில் இரண்டு காய்ந்தே போய்விட்டன. மற்ற ஒன்பதும், நான் நம்பவே இல்லை, வெட்டிய பதினெட்டாம் நாள் கண் விட்டன. செம்பு நிறத்தில் தளிர் வந்து, கோடை மழை ஒன்று பெய்ததும் விறுவிறுவென்று ஏறின. பள்ளிக்கூடம் லீவு. நான் மாடியிலேயே கிடந்தேன். சாயங்காலமானால் அவரும் மெதுவாக ஏறி வந்து நாற்காலியில் உட்காருவார். பேசமாட்டார். ஒவ்வொரு தொட்டியாகப் பார்வை போய்வரும். கத்தரியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அவர் கைக்கு எட்டும் இடத்தில் கைப்பிடிச் சுவர்மேல் வைப்பேன். மறுநாளும் அது வைத்த இடத்தில்தான் இருக்கும்.

ஒரு தொட்டியில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழேயிருந்து ஒரு கிளை கிளம்பியது. ஒட்டு ரோஜா வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், அது நம் செடி இல்லை, அடியில் இருக்கும் காட்டு ரோஜா. விட்டால் சத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு மேலே இருக்கும் நல்ல செடியைச் சாகடித்துவிடும். பார்த்த உடனே வெட்ட வேண்டும். நான் வெட்டவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். தோட்டக்காரர் ஆயிற்றே, பொறுக்கமாட்டாமல் எழுந்து கத்தரியை எடுப்பார் என்று ஒரு நப்பாசை. ஒரு வாரத்தில் அது மற்றக் கிளைகளைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

அவர் பொறுக்கத்தான் இல்லை. ஆனால் எழவில்லை. “அது ஒட்டுக்குக் கீழ வர்றது. எடுத்துரு,” என்றார். பல நாள் கழித்து அவர் பேசிய முதல் முழுப் பேச்சு.

“நீங்களே எடுங்களேன்.”

“எனக்கு எதுக்கு?”

மனசு நோகக் கூடாதே என்று குரலைத் தழைத்து, “சரிங்க. ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப எடுங்க,” என்றேன்.

“அந்தச் சரிங்கவ மொதல்ல விடு புள்ள.” இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். “ஏழு மாசமா சரிங்க, சரிங்க. ஆஸ்பத்திரி நர்ஸு பேசுறாப்புல பேசுற. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அன்னைக்கு நான் சொல்லக் கூடாத வார்த்தையச் சொல்லிப்புட்டேங்க. ஒங்க கையப் பாக்காம சொல்லிப்புட்டேன். அதுக்கப்புறம் வாயத் தொறக்கவே எனக்குப் பயமா இருக்கு.”

“எது, வெட்டுன கை வெளங்குமான்னு கேட்டியே, அதா?” என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அடி போடி. அன்னைக்கு ஒரு நாளுதான் எனக்கு நல்லா இருந்துச்சு. கை இருக்குற ஆளத்தான அப்பிடித் திட்ட முடியும்? கீழ போயி ஒக்காந்திருந்தேன், பின்னாலயே வருவ, இன்னும் நாலு கேப்பன்னு. நீ வந்து கஞ்சிய ஊட்டுன. சரித்தான், இவ நம்மளக் கணக்குல இருந்து எடுத்துட்டான்னு நெனச்சேன். அப்புறம் எதுக்கு அந்தப் பந்தப் போட்டு அமுக்கிக்கிட்டு?”

கேட்டது மண்டைக்குள் போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாற்பது நாளாக நான் சொன்ன சொல்லை நினைத்து நினைத்துச் செத்திருக்கிறேன். அவர் நான் சொல்லாத மீதிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐயோ என்றிருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் முந்திக்கொண்டு கோபம் வந்தது.

“அப்ப வேணும்னேதான் பந்தத் தொடாம இருந்தீகளா? அந்தப் பிள்ள வந்து என்னாச்சு என்னாச்சுன்னு கேக்குது, நான் பதில் சொல்ல முடியாம முழிக்கிறேன், நீங்க ஜன்னலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீக. ஒங்க வீம்புக்குக் கை இறுகிப்போனா யாரு பாக்குறது? நீங்க வெட்டிப் போட்டது எதுன்னு தெரியுமா? அம்மனுக்கு நேந்துக்கிட்ட பூவு. ஒங்க கைக்காக வச்ச பூவு.”

“நீ சொல்லலையே,” என்றார். முகம் விழுந்துவிட்டது.

“சொன்னாச் சிரிப்பீக. இப்ப என்ன? எந்திரிங்க. பதினொண்ண வெட்டத் தெரிஞ்ச ஆளுக்கு இது ஒண்ண வெட்டத் தெரியாதா? இடது கையில கத்தரியத் தொட்டீகன்னா பாத்துக்கங்க.”

எழுந்தார். நான் கை கொடுக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் இருந்த கத்தரியை வலது கையால் எடுக்கப் போனார், நழுவியது. மறுபடி எடுத்தார். விரல்கள் பிடியைச் சுற்றி மடங்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. குனிந்து, காட்டுக் கிளையின் அடியில் வைத்து அழுத்தினார். பட்டைதான் கீறியது. அவருடைய இடது கை உதவிக்கு வந்தது. “எடுங்க அந்தக் கைய,” என்றேன். எடுத்தார். மூன்றாவது தடவை நெற்றி நரம்பு புடைக்க அழுத்தியதில் கிளை சாய்ந்தது.

கூடவே, மூன்று மொட்டு வைத்துப் பக்கத்தில் நின்ற நல்ல கிளையும் சாய்ந்தது. விடுவேனா நான்? எதிர் மாடியில் துணி எடுக்க வந்த அம்மா வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிற அளவுக்குத் திட்டினேன். அந்தக் கையையும் சேர்த்தே திட்டினேன். அவர் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டே கத்தரியைத் திறந்து, அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.